எடை 200, எடை 100: வட்டு சொன்ன கணக்கு

கேள்வி: ஏற்காட்டு வாசகர், 4-11-2023, மாலை 6.40

ஐயா, காபித் தோட்ட அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர் இருக்கிறது. அதில் நிமிடத்துக்கு 7200 சுழற்சி ஹார்டு டிஸ்க் ஒன்று. பழம் எடைபோடும் மென்பொருளும் கண்காணிப்புக் கேமராக்களின் பதிவும் அதே வட்டில்தான் எழுதுகின்றன. இயங்குதளம் டெபியன் 12. நிரல்களைக் குழுக்களாகப் பிரித்து வளங்களைப் பங்கிடும் சிகுரூப் வசதி வழியாக இரண்டு குழுக்களை அமைத்து, வட்டின் வேகத்தைப் பங்கிட ஒன்றுக்கு எடை 200, மற்றதற்கு 100 கொடுத்தேன். சோதிப்பதற்காக இரண்டிலும் ஒரே நேரத்தில், கோப்பைப் படித்து முடிவில் வேகத்தை அச்சிடும் டிடி கட்டளையைத் தொடங்கி, தலா 4 ஜிகாபைட் கோப்பைப் படிக்க வைத்தேன். முதல் குழு நொடிக்கு 79 மெகாபைட் என்றும் இரண்டாவது 61 என்றும் முடிவு வந்தது. இரண்டுக்கு ஒன்று எங்கே போயிற்று? இந்த வசதி வேலை செய்யவில்லை என்பதே என் முடிவு.

பதில்: 4-11-2023, இரவு 9.15

எடையை எழுதிவிட்டீர்கள், அதைப் படிக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? ‘ஐஓ.வெயிட்’ என்ற கோப்பு ஐஓகாஸ்ட் என்னும் கட்டுப்பாட்டாளருக்கு உரியது. மேல்மட்டக் குழுவில் உள்ள ‘ஐஓ.காஸ்ட்.கியூஓஎஸ்’ கோப்பில் அந்த வட்டுக்கு அதை இயக்கி வைக்காதவரை, அதில் எந்த எண்ணை எழுதினாலும் இயங்குதளத்தின் மையமான கர்னல் மறுப்பின்றி வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் ஒன்றும் நடக்காது. வட்டுக்கு வரும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் திட்டமிடுவான்களில் ஒன்றான பி.எஃப்.கியூ படிப்பதோ ‘ஐஓ.பிஎஃப்கியூ.வெயிட்’ என்ற வேறு கோப்பை. ஹார்டு டிஸ்குகளுக்கு இயல்பாக வந்து உட்காரும் எம்.கியூ-டெட்லைன் என்ற திட்டமிடுவான் இரண்டையுமே பார்ப்பதில்லை. பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் கடிதத்தைச் செருகிவிட்டுப் பதில் வரவில்லை என்று சொல்வது போன்றது உங்கள் சோதனை. வட்டின் ‘ஷெட்யூலர்’ கோப்பைத் திறந்து, எந்தப் பெயரைச் சுற்றிச் சதுர அடைப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்; அதுதான் இப்போது வேலை செய்யும் திட்டமிடுவான்.

5-11-2023, காலை 5.50

நேற்று இரவு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எடையைப் படிக்க ஆளே இல்லை என்றால் இரண்டு குழுக்களும் ஏறக்குறைய சமமாக அல்லவா வந்திருக்க வேண்டும்? 79, 61 என்பது சமம் இல்லை. தூக்கம் கலைந்தபோது இது உறைத்தது. எழுந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

வட்டு மொத்தம் நொடிக்கு 120 மெகாபைட் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எடைப்படி முதல் குழுவுக்கு 80, இரண்டாவதற்கு 40. முதல் குழு தன் 4000 மெகாபைட்டை 50 நொடிகளில் முடித்துவிட்டு வெளியேறும். அதே 50 நொடிகளில் இரண்டாவது குழு 2000 மெகாபைட்டைத்தான் படித்திருக்கும். அதற்குப் பிறகு போட்டியே இல்லை. மீதி 2000 மெகாபைட்டை அது வட்டின் முழு வேகத்தில், அதாவது நொடிக்கு 120 வீதத்தில், 16.7 நொடிகளில் விழுங்கிவிடும். ஆக மொத்தம் 66.7 நொடிகள், 4000ஐ அதனால் வகுத்தால் 60. டிடி கடைசியில் அச்சிடுவது இந்தச் சராசரியைத்தான். சரியாக 80க்கு 60 வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு 79க்கு 61 வந்திருக்கிறது.

உங்கள் எடை வேலை செய்கிறது, தம்பி. பிழை அளந்த விதத்தில் இருக்கிறது. என் பதிலில் அதைவிடப் பெரிய பிழை இருந்தது.

5-11-2023, காலை 8.05 (ஏற்காட்டு வாசகர்)

திட்டமிடுவான் பி.எஃப்.கியூதான், ஐயா. எடையையும் அதன் கோப்பில்தான் எழுதியிருந்தேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

5-11-2023, காலை 8.30

நானும் கேட்டுவிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

இனி அளக்கும்போது கோப்பு முடியும் வரை காத்திருக்காதீர்கள். ஃபியோ என்ற சோதனைக் கருவி இருந்தால் அளவுக்குப் பதிலாக நேரத்தை வரம்பாகக் கொடுங்கள். இரண்டு குழுக்களும் அறுபது நொடி ஓடட்டும். அது இல்லாவிட்டால் இரண்டு டிடிகளும் ஓடிக்கொண்டிருக்கும் நடுப்பொழுதில், ஒவ்வொரு குழுவும் இதுவரை படித்த அளவைக் காட்டும் ‘ஐஓ.ஸ்டாட்’ கோப்பையும் ஒரு முறை படித்து, முப்பது நொடி கழித்து மறுபடியும் படித்து, இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள். எடை என்பது போட்டி இருக்கும் பொழுதுக்கு மட்டும் பொருந்துவது. ஒருவர் கேட்காத பங்கு வீணாகாமல் மற்றவருக்குப் போய்ச் சேருவதுதான் அதன் இயல்பு. போட்டி இல்லாத நேரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விகிதம் கலங்கித்தான் வரும்.

பி.எஃப்.கியூவின் ‘லோ-லேட்டன்சி’ என்ற அமைப்பையும் சுழியம் ஆக்கிவிடுங்கள். புதிதாகத் தொடங்கிய நிரல்களின் முன்னால் யாரோ உட்கார்ந்து காத்திருப்பதாக எண்ணி, அது அவற்றின் எடையைச் சில நொடிகளுக்குத் தானாகவே உயர்த்திவிடும். மேசைக் கணினிக்கு அது நல்லது; விகிதத்தைச் சோதிப்பவருக்குத் தலைவலி.

7-11-2023, இரவு 10.20

இரண்டு நாள்களாக ஒரு பழைய உறுத்தல். 2009இல் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இதே வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அப்போது கர்னலுக்குள் இந்த வசதி கிடையாது. செயல்முறைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் சிகுரூப் அடிப்படை மட்டும் 2.6.24இல் வந்திருந்தது. வட்டின் அலைவரிசையைக் குழுக்களுக்குள் பங்கிட ஆளுக்கு ஒரு வழியாக முயன்றுகொண்டிருந்த காலம் அது. ஜப்பானில் இருந்து டிஎம்-ஐஓபேண்ட் என்ற ஒட்டு, அதாவது கர்னலில் சேர்க்கும் கூடுதல் நிரல், வந்தது. அது வட்டுக்கு மேலே உள்ள டிவைஸ் மேப்பர் அடுக்கில் உட்கார்ந்துகொண்டு, எடைக்கு ஏற்ப டோக்கன்களைக் கொடுத்து வாங்கும். அதைக் கர்னலில் சேர்த்துத் தொகுத்து, இரண்டு குழுக்களில் டிடி ஓட்டி, விகிதம் சொன்னபடி வரவில்லை என்று நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இரண்டு டிடிகளும் ஒரே அளவுள்ள கோப்பைப் படித்தன. அவை முடிந்த பிறகு வந்த சராசரியைத்தான் அட்டவணையில் போட்டேன்.

தம்பி செய்த அதே பிழை. எனக்குத் தெரிய வர பதினான்கு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த ஒட்டு கடைசி வரை பிரதான கர்னலில் சேரவே இல்லை. என் அறிக்கைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது மட்டுமே ஆறுதல். 2010இல் வந்த 2.6.33இல் சி.எஃப்.கியூ என்ற பழைய திட்டமிடுவானுக்குள் குழு எடை வந்தது. பிறகு 2017இல் 4.12 கர்னலில் பி.எஃப்.கியூ சேர்ந்தது, 2019இல் 5.0 வந்தபோது சி.எஃப்.கியூ விடைபெற்றது, அதே ஆண்டு 5.4இல் ஐஓகாஸ்ட் வந்தது.

அந்த அறிக்கையில் இன்னொரு ஓட்டையும் இப்போது நினைவுக்கு வருகிறது. முதல் முறை ஓட்டியபோது ஒரு வேகம், இரண்டாம் முறை நம்பவே முடியாத வேகம். கோப்பு முழுவதும் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது, வட்டு சும்மா சுழன்றுகொண்டிருந்தது. நேரடி வாசிப்பு என்ற ‘டைரக்ட்’ கொடியைப் போடாமல் வட்டைச் சோதிப்பது அரிசி மூட்டையை இறக்காமல் லாரியை மட்டும் எடைமேடையில் ஏற்றியது போலாகும். (இந்த உவமை தலைகீழாக இருக்கிறது. இருக்கட்டும்.)

8-11-2023, மாலை 7.10

பி.எஃப்.கியூவின் ‘ஸ்லைஸ்-ஐடில்’ என்ற காத்திருப்பு அமைப்பு எதற்கு, வட்டைச் சும்மா நிறுத்தி வைத்தால் வேகம் குறையாதா என்று தம்பி தனியாகக் கேட்டிருந்தார். சேலம் அம்மாப்பேட்டையில் தட்டு வடை செட் போடும் கடையில் நின்றுகொண்டிருந்தபோது இதற்கான பதில் என் கண் முன்னாலேயே நடந்தது.

ஒருவர் இருபது செட் பார்சல் சொல்லிவிட்டு நிற்கிறார். இன்னொருவர் நின்றபடியே சாப்பிடுகிறார். ஒரு செட்டை வாயில் போட்டு முடித்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கிறார். அவர் மெல்லும் இடைவெளியில் கடைக்காரர் பார்சல் பக்கம் திரும்பிவிடுகிறார். திரும்பிவிட்டால் நான்கு செட் கட்டிய பிறகுதான் மீள்கிறார். சாப்பிடுகிறவருக்குப் பாதி உரிமை இருந்தாலும் அவர் கைக்கு வருவது ஐந்தில் ஒன்றுதான். கடைக்காரர் தட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கணம், ‘இன்னொன்று வேண்டுமா?’ என்று முகத்தைப் பார்த்து நின்றால் போதும், கணக்கு நேராகிவிடும்.

ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும் நிரல் அந்தச் சாப்பிடுகிறவர். வரிசையில் அவருடைய பெயர் இல்லாததால் அவருக்கு வேலை இல்லை என்று வட்டு நினைத்துக்கொள்கிறது. இது ஏமாற்றும் ஓய்வு. இதை விளக்கி, வட்டு சற்றே காத்திருக்க வேண்டும் என்று ஐயரும் ட்ருஷலும் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி.எஃப்.கியூ இயல்பாக 8 மில்லிநொடி காத்திருக்கிறது. 7200 சுழற்சி வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.33 மில்லிநொடி ஆகும் என்பதை வைத்து, அந்தக் காத்திருப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். அதைச் சுழியம் ஆக்கினால் மொத்த வேகம் சில வேளைகளில் கூடும். எடை விகிதம் குலைந்துபோகும். இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது.

13-11-2023, இரவு 11.00

தீபாவளிக்கு மறுநாள், வேலை இல்லாததால் அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, தம்பியின் தோட்டத்துக்கே போய்விட்டு வந்தேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. அலுவலகத்தின் உள்ளே நுழைந்தால் காபித் தோல் நாற்றம். சர்வரின் பக்கவாட்டுத் தகடு ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது, எலி புகுந்ததாம்.

முதலில் பி.எஃப்.கியூவை எடுத்துவிட்டு எம்.கியூ-டெட்லைனைப் போட்டு, இரண்டு டிடிகளை ஓட விட்டு, உள்ளங்கையை வட்டின் மேல் வைத்தேன். தலை இரண்டு கோப்புகளுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தது. தேனீக் கூட்டைப் பிடித்தது போல இடைவிடாத அதிர்வு. பிறகு பி.எஃப்.கியூவை மீண்டும் போட்டேன். அதிர்வு அடங்கிவிட்டது, நொடிக்கு ஏழெட்டு முறை ‘டக்’ என்று ஒரு தட்டல், நடுவில் அமைதி. ஒருவருக்கு ஒரு முறையில் கொடுக்கும் நேரத்தின் உச்சம் சுமார் 125 மில்லிநொடி என்று படித்திருக்கிறேன். அதைக் கையால் உணர்ந்தது இன்றுதான். முப்பது நொடி வித்தியாசக் கணக்கில் 81க்கு 40 வந்தது. தம்பி கைதட்டினார்.

கைதட்டல் மாலை ஐந்து மணி வரைதான். பழம் பறித்தவர்கள் சாக்குகளோடு எடைக் கொட்டகையில் வந்து நின்றார்கள். கணக்கர் ஒருவரின் பெயரைத் தட்டி, தராசு எண்ணைப் பதிந்து, சீட்டு வருவதற்காகக் காத்திருந்தார். நான்கு கேமராக்களும் எழுதிக்கொண்டிருந்தன. ஒரு சீட்டுக்கு மூன்று நொடி. சில சீட்டுகளுக்கு ஆறு. எடை போடும் மென்பொருளுக்கு எடை 200 கொடுத்தும் எடை போடத் தாமதம். (இந்தச் சொல் விளையாட்டுக்கு மேஸ்திரி மட்டும் சிரித்தார்.)

14-11-2023, காலை 6.30

ஏன் என்று இரவெல்லாம் யோசித்தேன். எடைப் பதிவு ஒவ்வொன்றும் ஒரு சிறு வரி. ஆனால் தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் ‘எஃப்சிங்க்’ கேட்டு, அது வட்டில் இறங்கிய பிறகுதான் சீட்டை விடுகிறது. கேமராக்கள் எழுதுவதும் அதே இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில்தான். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் அதன் ஜர்னல் ஒன்றே ஒன்று. ஒரு பரிவர்த்தனையை முடிக்கும்போது, அதனோடு கட்டுண்ட கேமராத் தரவும் முதலில் வட்டில் இறங்கியாக வேண்டும். இயல்பான ‘ஆர்டர்டு’ முறை அப்படி. அந்தக் கேமராத் தரவு இறங்குவதோ எடை 100 உள்ள மெதுவான வரிசையில். ஆக, மேல் குழு கீழ்க் குழுவின் வேகத்தில் காத்திருக்கிறது. ஜர்னலை எழுதும் கர்னல் இழையோ நம் இரண்டு குழுக்களிலும் இல்லை, மேல்மட்டத்தில் இருக்கிறது. நாம் எழுதிய எடை எதுவும் அதைத் தொடாது.

இரண்டு டிடி வாசிப்புகளில் இது தெரியவே தெரியாது. படிப்பதை வைத்துச் சோதித்து, எழுதுவதற்கு நம்பிக்கை வைத்தோம்.

தீர்வு எளிது: கேமராக்களுக்குத் தனிப் பகிர்வு (வட்டில் பிரித்து ஒதுக்கிய பகுதி), தனிக் கோப்பு முறைமை. வட்டு ஒன்றுதான் என்பதால் எடை அப்படியே பொருந்தும். ஜர்னல் மட்டும் பிரிந்துவிடும். பகிர்வைக் கேமராக்களுக்கு வட்டின் கடைசிப் பகுதியில் கொடுங்கள். வட்டின் வெளிச்சுற்றில் ஒரு சுழற்சிக்குக் கிடைக்கும் தரவு உள்சுற்றில் கிடைப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டின் எண் வரிசை வெளியில் இருந்து தொடங்குகிறது. ஒரு சோதனைக் கோப்பு முன்னாலும் மற்றது பின்னாலும் கிடந்தால் அதுவே விகிதத்தைக் கெடுத்துவிடும் என்பதையும் சொல்ல மறந்திருந்தேன்.

14-11-2023, இரவு 9.40

தட்டு வடைக் கடை உவமையில் ஒரு குறை. அங்கே எல்லாச் செட்டும் ஒன்றுபோல. வட்டில் அப்படி இல்லை. வரிசையாகப் படிக்கும் நிரலுக்கு நொடிக்கு 120 மெகாபைட் கிடைக்கிறது. அங்கும் இங்கும் தாவி 4 கிலோபைட் வீதம் படிக்கும் நிரலுக்குத் தேடலும் சுழற்சியும் சேர்ந்து கோரிக்கைக்கு 12, 13 மில்லிநொடி ஆகிவிடும். நொடிக்கு 80 கோரிக்கை, அதாவது 320 கிலோபைட். இந்த இருவருக்கும் சம எடை என்றால் எதைச் சமமாக்குவது? நேரத்தைச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 60 மெகாபைட், மற்றவருக்கு 160 கிலோபைட். பார்ப்பவருக்கு அநியாயமாகத் தோன்றும். பைட்டைச் சமமாகப் பிரித்தால் இருவருக்குமே நொடிக்கு ஏறக்குறைய 320 கிலோபைட்தான். 120 கொடுக்கக்கூடிய வட்டு ஒரு மெகாபைட்கூடத் தராமல் மூச்சு வாங்கும்.

சி.எஃப்.கியூ நேரத்தைப் பிரித்தது. பி.எஃப்.கியூ பொதுவாகச் செக்டர்களை, அதாவது தரவின் அளவை, பிரிக்கிறது. ஆனால் தாவிப் படிப்பவர்களிடம் நேரத்தைக் கணக்கிட்டு வசூலிக்கிறது. ஐஓகாஸ்ட் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு விலை மதிப்பிட்டு அந்த விலையைப் பிரிக்கிறது. ஒன்றில் சரியாக வரும் விகிதம் மற்றொன்றில் வராது. இரண்டுமே பிழை இல்லை. 2009இன் நான்கு பக்கத்தில் இந்தக் கேள்வியை நான் எழுப்பவே இல்லை.

கணக்கருக்கோ மெகாபைட்டே தேவை இல்லை. சீட்டு எத்தனை நொடியில் வருகிறது என்பதுதான் அவருடைய அளவு. இனி நமக்கும் அதுவே.

18-11-2023, மதியம் 1.20

தம்பி பகிர்வைப் பிரித்துவிட்டார். சீட்டு ஒரு நொடிக்குள் வருகிறதாம். இரவுக் காப்பு நகலுக்கு மட்டும் எடை போதாது, உச்சவரம்பு வேண்டும் என்று ‘ஐஓ.மேக்ஸ்’ கோப்பில் எழுதப் போனால் ‘அப்படி ஒரு சாதனம் இல்லை’ என்று வருவதாகச் சொல்கிறார். புதிய பகிர்வின் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். 8:1, 8:2 என்பவை எடுபடாது. முழு வட்டின் எண்ணான 8:0 கொடுங்கள். வட்டு சும்மா இருந்தாலும் உச்சவரம்பு வரம்புதான், எடையைப் போல விட்டுக்கொடுக்காது. நினைவகக் கட்டுப்பாட்டையும் ஐஓ கட்டுப்பாட்டையும் சேர்த்தே இயக்குங்கள். தாமதித்து எழுதப்படும் தரவு யாருடையது என்று கர்னல் அறிவது இரண்டும் சேர்ந்திருந்தால்தான். பழைய முதல் பதிப்புச் சிகுரூப்பில் அப்படி எழுதியது எல்லாம் மேல்மட்டக் கணக்கில் போய் விழுந்துகொண்டிருந்தது.

24-11-2023, காலை 7.15 (ஏற்காட்டு வாசகர்)

நேற்று மழையில் மின்சாரம் போய் வந்தது, ஐயா. மாலையில் சீட்டு மறுபடியும் தாமதம். எதையும் மாற்றவில்லை.

24-11-2023, காலை 7.40

நீங்கள் மாற்றவில்லை, மின்சாரம் மாற்றிவிட்டது. ‘சிஸ்’ கோப்புகளில் எழுதியவை நினைவகத்தில் மட்டும் இருப்பவை. திட்டமிடுவானையும் லோ-லேட்டன்சியையும், கணினி தொடங்கும்போது சாதனங்களுக்கு அமைப்புகளைப் போடும் ஒரு யூடெவ் விதியில் எழுதுங்கள். எடையை, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் குழுவை விவரிக்கும் ஸ்லைஸ் கோப்பில் ‘ஐஓவெயிட்’ என்று 200 போட்டுவிடுங்கள், அதுவே பி.எஃப்.கியூ கோப்பிலும் எழுதிவிடும்.

26-11-2023, மாலை 5.30 (ஏற்காட்டு வாசகர்)

எழுதினேன். முப்பது நொடிக் கணக்கு: 63, 57.

26-11-2023, இரவு 8.50

இந்த முறை கேட்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று, அதே டெபியனை என் கணினியில் நிறுவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஸ்லைஸ் கோப்பில் 200 போட்டு, குழுவின் ‘ஐஓ.பிஎஃப்கியூ.வெயிட்’ கோப்பைத் திறந்தால் 109 என்று இருக்கிறது. சிஸ்டம்டியின் எடை 1 முதல் 10000 வரை, பி.எஃப்.கியூவின் எடை 1 முதல் 1000 வரை. இரண்டிலும் இயல்பு 100. ஆகவே 100க்கு மேல் உள்ள 9900 படிகளை 900 படிகளுக்குள் அது சுருக்கிவிடுகிறது. 200 என்பது 109 ஆகிவிடுகிறது. 109க்கு 100 என்று 120ஐப் பிரித்துப் பாருங்கள்: 63, 57. உங்கள் அளவு இப்போது என்னுடைய அறிவுரையைவிடத் துல்லியமாக இருக்கிறது.

ஸ்லைஸ் கோப்பில் 1200 என்று எழுதுங்கள். அங்கே 200 ஆக இறங்கும்.

27-11-2023, மாலை 6.05 (ஏற்காட்டு வாசகர்)

80, 40. கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டும் பார்த்தேன், ஐயா. கோப்பில் 200தான் இருக்கிறது. இன்று கடைசிச் சாக்கு எடை போட்டபோது மணி ஐந்தே முக்கால்.